இரண்டு பேருக்கு ஒரு ரிப்போர்ட்

இட்லியைப் பிட்டு, நடுவில் மாத்திரையைப் புதைத்து, மேலே சட்னியைத் தடவித் தம்பியின் வாயில் வைத்தேன். அவன் மெல்லாமல் விழுங்கினான். பக்கத்துக் கட்டில்காரர் இதைப் பார்த்துவிட்டுத் தன் மனைவியிடம், "பாத்தியா, கூடப் பொறந்தவன்னா இப்டி ஊட்டணும்" என்றார். நான் சிரித்து வைத்தேன். பாசத்துக்காக ஊட்டியிருந்தால் பெருமைப்பட்டிருக்கலாம். நர்சம்மா கண்ணில் மாத்திரை பட்டுவிடக் கூடாது என்பதற்காக ஊட்டினேன்.

செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் ஆண்கள் வார்டு. என் தம்பி தாண்டவராயனைச் சேர்த்து அன்றைக்கு ஆறாவது நாள். இரண்டாவது நாளிலிருந்து தினமும் காலை நாஸ்தாவோடு ஒரு மாத்திரை இப்படித்தான் உள்ளே போயிற்று. ராத்திரித் துணைக்கு அவன் பெண்டாட்டி துர்காதேவி இருப்பாள். மாமல்லபுரத்துக்குப் பக்கத்துக் குப்பத்திலிருந்து நான் முதல் பஸ் பிடித்து, திருக்கழுக்குன்றம் வழியாக வந்து சேர்ந்து அவளை வீட்டுக்கு அனுப்புவேன். அவள் தலை மறைந்ததும் இடுப்பில் செருகியிருக்கும் சுருக்குப் பையைத் திறப்பேன்.

அந்த மாத்திரையை எந்த டாக்டரும் அவனுக்கு எழுதிக் கொடுக்கவில்லை. எனக்கு எழுதிக் கொடுத்தது.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன், ஒன்பது வருஷம் மறைத்து மறைத்து எனக்கே அலுத்துவிட்டது. என் ரத்தத்தில் காமாலைக் கிருமி இருக்கிறது. ஹெபடைடிஸ் பி என்று பெயர். கர்ப்பப்பை ஆபரேஷனுக்கு முன்னால் ரத்தம் பார்த்தபோது கண்டுபிடித்தார்கள். பிறக்கும்போதே அம்மாவிடமிருந்து வந்திருக்கும் என்றார் டாக்டர். வயிறு ஊதி, கண் மஞ்சளாகி அம்மா செத்தபோது தாண்டவத்துக்குப் பன்னிரண்டு வயது. கூடப் பிறந்தவர்கள் இருந்தால் அவர்களுக்கும் பார்க்க வேண்டும், கூட்டி வாருங்கள் என்றார்கள். எனக்கு இருப்பது ஒரே தம்பி. நயமாகச் சொல்லி, பயமுறுத்திச் சொல்லி, கடைசியில் கெட்ட வார்த்தையில் திட்டித்தான் இழுத்து வந்தேன். தனியார் லேப் ஒன்றில் வேறு பெயர் சொல்லி ரத்தம் கொடுத்தான். அவனுக்கும் இருந்தது.

அன்றைக்குப் பஸ் ஸ்டாண்டில் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"யக்கா, ஒர்த்தருக்கும் தெரியக் கூடாது. தெரிஞ்சா படகுல ஏத்த மாட்டானுங்க. அஞ்சு பேரும் ஒரே கேன்ல தண்ணி குடிக்கிறோம், ஒரே குண்டான்ல துன்றோம். துர்காகிட்ட கூட சொல்லிடாத."

"தண்ணி, சோத்துல எல்லாம் ஒட்டாதாம்டா. டாக்டரு சொன்னாரு."

"டாக்டரா வந்து எங்கூட வல இழுக்கப் போறாரு?"

எனக்கு மறைக்க வேண்டிய அவசியம் இல்லை. புருஷன் போய்ச் சேர்ந்து வெகு காலமாகிறது, பிள்ளை குட்டி கிடையாது, காலையில் மீன் கூடையைத் தூக்கிக்கொண்டு செங்கல்பட்டு மார்க்கெட்டுக்குப் போனால் என் பிழைப்பு நடந்துவிடும். குப்பத்தில் சில பேர் என் முதுகுக்குப் பின்னால் காமாலைக்காரி என்பார்கள். முகத்துக்கு நேரே சொல்ல ஒருத்திக்கும் துணிச்சல் கிடையாது, என் வாய் அப்படி. அவனுக்கு என்னைப் போல இல்லை. வீடு, பெண்டாட்டி, பெண் குழந்தை என்று நாலு பக்கமும் பயந்து நடக்க வேண்டியவன்.

எங்கள் கரையில் பங்கு என்பது பெரிய விஷயம். படகு கரையேறியதும் மீனைக் கொட்டிப் பங்கு வைப்பார்கள். படகுக்கு ஒன்று, வலைக்கு ஒன்று, இஞ்சினுக்கு ஒன்று, அப்புறம் ஆளுக்கு ஒன்று. காய்ச்சலில் படுத்துக் கடலுக்கு வராதவனுக்கும் அரைப் பங்கு ஒதுக்கி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அவன் கேட்க வேண்டியதில்லை, இவர்கள் சொல்லிக் காட்டவும் மாட்டார்கள். அந்தக் கரையில் வளர்ந்தவள் நான். என் கையில் மருந்து இருக்கும்போது தம்பி வெறுங்கையோடு நின்றால் பொறுக்குமா? இதே ஆஸ்பத்திரியில் எனக்கு மாதம் ஒரு டப்பா மாத்திரை கொடுத்தார்கள். அதே சீட்டை ஒரு மருந்துக் கடையில் நீட்டி இன்னொரு டப்பா வாங்கினேன். அதைப் பாக்கு டப்பாவில் மாற்றிக் கூடைக்கு அடியில் வைத்துக் கொண்டுபோய்க் கரையில் அவனிடம் கொடுப்பேன். இஞ்சின் சாமான் பெட்டியில் ஸ்பானருக்கு அடியில் அது கிடக்கும். மாதா மாதம், ஒன்பது வருஷம், ஒரு மாதம் கூடத் தவறவில்லை. அதில் எனக்கு ஒரு கர்வமே இருந்தது.

ஆறு மாதத்துக்கு ஒரு தடவை எனக்கு ரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். அதையும் நாங்கள் பங்கு போட்டுக்கொண்டோம். வலையில் பொத்தல் பார்த்துக்கொண்டே கேட்பான்.

"ரிப்போர்ட் எப்டி கீதுக்கா?"

"நல்லா கீது."

"அப்ப எனக்கும் நல்லா கீது."

அவன் சிரிப்பான், நானும் சிரிப்பேன். ஒரே வயிற்றில் பிறந்தவர்கள், ஒரே கிருமி, ஒரே மாத்திரை. ரிப்போர்ட் மட்டும் வேறாகவா இருந்துவிடும்? இப்போது கேட்டால் பைத்தியக்காரத்தனமாகத்தான் இருக்கிறது. அப்போது எங்கள் இரண்டு பேருக்கும் அது நியாயமாகப் பட்டது. இன்னும் உண்மையைச் சொன்னால், அவனை மறுபடி லேபுக்கு இழுக்கிற பேஜார் இல்லை என்று எனக்கு நிம்மதியாகக் கூட இருந்தது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் இடுப்பு வலிக்கிறது என்றான். அப்புறம் விலா வலித்தது. படகிலிருந்து மணலில் குதித்தவனுக்குப் பாதத்தில் எலும்பு விரிந்தது. மணலில் குதித்து யாருக்காவது எலும்பு விரியுமா? "மச்சானுக்கு வயசாய்ட்ச்சி" என்று படகுக்காரர்கள் கிண்டல் செய்தார்கள். நொண்டி நொண்டி வலை இழுத்தான். பார்க்கப் பொறுக்காமல் அதே மருந்துக் கடையில் வலி மாத்திரை வாங்கிக் கொடுத்தவளும் நான்தான். ஒரு அட்டை, இரண்டு அட்டை, பிறகு அது இல்லாமல் அவனால் கடலுக்குப் போக முடியவில்லை. வலி மாத்திரையை எங்களைக் கேட்காமல் போடக் கூடாது என்று முதல் நாளே டாக்டர் என்னிடம் சொல்லியிருந்தார். எனக்கு வலி ஒன்றும் வரவில்லை, அதனால் அந்தப் பேச்சு மறந்துபோயிற்று. வலி வந்தது அவனுக்கு.

இந்த நேரத்தில்தான் அவன் மகள் வினிதாவுக்குக் கல்யாணம் கூடி வந்தது. வினிதா சிறுசேரியில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை செய்கிறாள். மாப்பிள்ளை கிஷோரும் அங்கேயே வேலை, நம் ஜனம்தான், கோவளம் பக்கத்துப் பையன். பத்திரிகை அடித்து வந்த வாரம் தாண்டவம் வாந்தி எடுக்க ஆரம்பித்தான். கால் வீங்கியது, ஒன்றுக்குப் போவது குறைந்தது. பத்திரிகை வைக்கப் போன இடத்தில் செருப்பைக் கழற்றும்போதே சுருண்டு விழுந்தான். அப்படியே ஆட்டோவில் போட்டு இங்கே கொண்டுவந்தோம்.

வார்டில் கவியா என்று ஒரு சின்ன வயசு டாக்டர். முதல் நாள் அவள்தான் எங்களை உட்கார வைத்து விளக்கினாள்.

"கிரியேட்டினின்னு ஒரு அளவு இருக்கும்மா. ஒண்ணு சுமாருக்கு இருக்கணும். இவருக்கு ஆறு. கிட்னி ரெண்டும் ரொம்ப அடி வாங்கியிருக்கு. என்னென்ன மாத்திரை சாப்பிடறாரு? நாட்டு மருந்து, லேகியம், எதா இருந்தாலும் சொல்லுங்க."

துர்காதேவி வலி மாத்திரையைச் சொன்னாள். உடனே நிறுத்தச் சொன்னாள் டாக்டர். "வேற எதாவது?"

"வேற ஒண்ணியும் இல்ல டாக்டரு" என்றாள் துர்கா. அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

டாக்டர் என் பக்கம் திரும்பினாள். போர்வைக்கு அடியில் தாண்டவம் என் விரலைப் பிடித்து நசுக்கினான்.

"இல்லமா" என்றேன்.

மறுநாள் காலையில் மாத்திரையை எடுத்துக்கொண்டு போனேன். ஏன் போனாய் என்று இன்றைக்கு என்னை நானே கேட்டுக்கொள்கிறேன். ஒரு நாள் கூட நிறுத்தக் கூடாது, நிறுத்தினால் கிருமி பொங்கிக் கல்லீரலைத் தின்றுவிடும் என்று டாக்டர் சொன்னது மட்டும் எனக்கு மறக்கவில்லை. மறக்க வேண்டியதை நினைவு வைத்திருந்தேன், நினைவு வைக்க வேண்டியதை மறந்திருந்தேன். கண்ணை மூடினால் அம்மாவின் வயிறு வந்து நின்றது. கிட்னிக்காக வந்த இடத்தில் கல்லீரலும் போய்விட்டால் என்ன செய்வது என்று பயந்து, இட்லிக்குள் மாத்திரையை வைத்தேன்.

ஆறாவது நாள், அந்த இட்லியை அவன் விழுங்கிய கொஞ்ச நேரத்தில் டாக்டர் கவியா வந்தாள். வினிதாவும் லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். வீட்டுக்குக் கிளம்பிய துர்காவையும் வாசலிலிருந்து திரும்பக் கூட்டி வந்திருந்தாள்.

"வலி மாத்திரை நிறுத்தி ஆறு நாள் ஆச்சு. கொஞ்சமாவது இறங்கியிருக்கணும். ஏறிக்கிட்டே போகுது, எனக்குக் காரணம் பிடிபடலை" என்றாள் டாக்டர். "டயாலிசிஸ் போட்டுடலாம். அதுக்கு முன்னாடி ரத்தத்துல ரெண்டு மூணு கிருமி இருக்கான்னு பாக்கணும், காமாலைக் கிருமி, எச்ஐவி. எல்லாருக்கும் பாக்கறதுதான். இந்த ஃபாரத்துல கையெழுத்துப் போடுங்க."

தாண்டவத்தின் முகம் செத்துப்போயிற்று.

"வேணாம்" என்றான்.

"எது வேணாம்?"

"டயாலிசிஸு. ரத்தமும் எடுக்காதீங்க. பன்னெண்டு நாள்ல பொண்ணுக்குக் கல்யாணம். அது முடியட்டும், அப்பால இன்னா வேணா பண்ணுங்க."

"நைனா, பைத்தியமா நீ?" என்றாள் வினிதா. "நீ இல்லாம இன்னா கல்யாணம் எனக்கு? கையெழுத்துப் போடு நைனா."

அவன் போடவில்லை. பேனாவை வாங்கிப் படுக்கையில் வைத்துவிட்டான். கல்யாணம் நின்றுவிடுமோ என்று பயப்படுகிறான் பாவம் என்று நினைத்து துர்கா அழுதாள். அவன் எதற்குப் பயப்படுகிறான் என்று அந்த வார்டில் தெரிந்தவள் நான் ஒருத்தி. கால்மாட்டில் நின்று போர்வையை இழுத்துவிட்டேன்.

அன்றைக்கு வியாழக்கிழமை. கல்லீரல் ஓ.பி.யில் எனக்கு முறை. வினிதாவை உட்கார வைத்துவிட்டுக் கீழே போனேன். போன வாரம் கொடுத்த ரத்தத்தின் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு வயதான அந்த டாக்டர் வழக்கம்போல, "நல்லா இருக்கு ஆதியம்மாள், கிரியேட்டினின் பாயிண்ட் எட்டு" என்றார். ஒன்பது வருஷமாக அந்த வார்த்தையை என் காதில் போட்டிருக்கிறார். கிருமிக்குச் சம்பந்தப்பட்ட ஏதோ ஒன்று என்று நானும் தலையை ஆட்டியிருக்கிறேன். முந்தின ஐந்து நாளில்தான் அதற்கு அர்த்தம் எனக்குத் தெரிந்திருந்தது.

"அது கிட்னி டெஸ்ட் ஆச்சே டாக்டரு? எனக்குக் கல்லீரல்லதான கோளாறு? அத்த எதுக்குப் பாக்கறீங்க?"

"இந்த மாத்திரை வருஷக்கணக்கா சாப்பிடறப்ப சில பேருக்கு கிட்னியைக் கெடுக்கும். எலும்பும் பலம் போயிடும். சும்மா இருக்கறப்பவே வலிக்கும், விரிசல் விடும். அதுக்குத்தான் ஆறு மாசத்துக்கு ஒரு தடவை பாக்கறோம்."

ஸ்டூலைப் பிடித்துக்கொண்டேன்.

"ஒரே வயித்துல பொறந்தவங்களுக்கு? ஒருத்தருக்கு நல்லா இருந்தா இன்னொருத்தருக்கும் நல்லா இருக்கும்ல?"

"அப்படி இல்லம்மா. அவங்கவங்க உடம்பு. ரத்தம் எடுத்துப் பாத்தாதான் தெரியும்."

"கெட்டுட்டா?"

"வேற மாத்திரை இருக்கு. சீக்கிரம் தெரிஞ்சா உடனே மாத்திடுவோம், முக்கால்வாசிப் பேருக்குச் சரியாயிடும். தெரியாம அதையே சாப்பிட்டுட்டு, கூட வலி மாத்திரையும் போட்டா கஷ்டம். ஏன் கேக்கறீங்க?"

"சொம்மா" என்றேன். மாத்திரை டப்பாவை வாங்கிக்கொண்டு வெளியே வந்து, குழாயடியில் நின்று என் தலையில் நானே இரண்டு போடு போட்டுக்கொண்டேன். யாரோ ஒரு அம்மா என்ன ஆச்சு என்று கேட்டாள். போம்மா உன் வேலையைப் பார்த்துக்கொண்டு என்று எரிந்து விழுந்தேன். அவள் என்ன பாவம் செய்தாள்?

வார்டுக்குப் போனபோது துர்காவும் வினிதாவும் டாக்டரைத் தேடிப் போயிருந்தார்கள். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து குனிந்து சொன்னேன்.

"டேய், அந்த மாத்திரைதான்டா உன்னக் கொல்லுது. இடுப்பு வலிக்கும் அத்தான் காரணம். வலிக்குன்னு வாங்கிக் குடுத்தனே, அதுவும் சேந்து கிட்னிய முட்ச்சிட்ச்சி."

"உன்ன ஒண்ணியும் பண்ணலியே" என்றான்.

"என் ஒடம்பு வேற, உன் ஒடம்பு வேறயாம். உனக்கு ரத்தம் பாத்திருந்தா அப்பவே தெரிஞ்சிருக்கும். வேற மாத்திரை கீதுடா. டாக்டர்கிட்ட சொல்லிடலாம்."

"பன்னெண்டு நாள்க்கா."

"தாங்குவியா?"

"தாங்கறேன். கடல்ல எத்தினி தாங்கிக்கீறேன்."

"இது கடல் இல்லடா."

"தெரிஞ்சா மாப்ள வூட்ல பொண்ணுக்கும் கீதான்னு கேப்பாங்க. அது கூட போவட்டும். துர்கா கேப்பாக்கா. ஒம்போது வருசமா தெரிஞ்சிகினேதான் எங்கூடப் படுத்துகினியான்னு கேப்பா. நான் இன்னா சொல்றது?"

ஒன்பது வருஷமாக நான் படகைப் பற்றி நினைத்திருக்கிறேன், தண்ணிக் கேனைப் பற்றி நினைத்திருக்கிறேன். துர்காவை ஒரு நாளும் நினைக்கவில்லை. புருஷன் பெண்டாட்டிக்குள் அது ஒட்டும், ஊசி போட்டுக்கொண்டால் வராது என்று டாக்டர் என்னிடம் சொன்னதுண்டு. எனக்குத்தான் புருஷன் இல்லையே என்று கேட்டதோடு விட்டுவிட்டேன். தம்பிக்குப் பங்கு கொடுத்த எனக்கு, அவள் பங்கு என்று ஒன்று உண்டு என்பது உறைக்கவில்லை.

தாண்டவம் பக்கத்து ஸ்டூலில் இருந்த கல்யாணப் பத்திரிகையை எடுத்து என் கைக்குக் கீழே வைத்தான்.

"வினிதா மேல சத்தியம் பண்ணு. கல்யாணம் முடியற வரைக்கும் வாயத் தொறக்க மாட்டேன்னு."

கையை இழுத்துக்கொண்டேன். கோபம் வந்தது. அவன் மேல், என் மேல், செத்துப்போன அம்மா மேல் கூட. எழுந்து நின்று சுருக்குப் பையிலிருந்து பாக்கு டப்பாவை எடுத்தேன். அதை அவனிடமே ஒப்படைக்கப் போகிறேன் என்று நினைத்தானோ என்னவோ, கையை நீட்டினான். அந்த நேரம் பார்த்து டாக்டர் கவியா உள்ளே வந்தாள். பின்னாலேயே துர்காவும் வினிதாவும்.

தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். பிற்பாடு எல்லாரும் என்னைக் கேட்டது அதைத்தான். தனியாகக் கூப்பிட்டிருந்தால் வராண்டாவுக்குப் போய்ச் சேருவதற்குள் என் மனசு மாறியிருக்கும். என்னை எனக்குத் தெரியும். டப்பாவை டாக்டர் கையில் வைத்தேன்.

"இத்ததான் இவன் துன்னுகினு கீறான், ஒம்போது வருசமா. காமாலைக் கிருமிக்கு. நாந்தான் குடுத்தேன். இன்னிக்கிக் காலைல கூட இட்லில வெச்சிக் குடுத்தேன்."

டாக்டர் டப்பாவைத் திறந்து பார்த்தாள். என் மருந்துச் சீட்டைக் கேட்டு வாங்கிப் படித்தாள். என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். "மத்தவங்க கொஞ்சம் வெளிய இருங்க" என்றுதான் சொன்னாள். துர்கா நகரவில்லை.

"அது உன் மாத்திர ஆச்சே அண்ணி" என்றாள் என்னிடம்.

நான் தலையைக் குனிந்தேன். அவள் புருஷன் பக்கம் திரும்பினாள். சத்தம் போடவில்லை, அழவுமில்லை.

"ஒம்போது வருசமா?"

தாண்டவம் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். வினிதா அவன் கையை எடுத்துப் பேனாவைத் திணித்தாள். எங்கே போடுவது என்று கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டான்.

அன்று சாயங்காலமே டயாலிசிஸ் போட்டார்கள். மாத்திரையை நிறுத்திவிட்டு, கிட்னிக்குத் தக்கபடி வேறு மாத்திரை கொடுத்தார்கள். துர்காவுக்கும் வினிதாவுக்கும் ரத்தம் பார்த்தார்கள். இரண்டு பேருக்கும் கிருமி இல்லை, தடுப்பூசி போட்டுவிட்டார்கள். அந்தச் செய்தி கேட்ட அன்றைக்கு ஆஸ்பத்திரி கக்கூஸில் கதவைச் சாத்திக்கொண்டு வாய்விட்டு அழுதேன்.

வினிதா கிஷோரிடம் தானே எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அவர்கள் வீட்டில் ஒரு வாரம் முணுமுணுத்தார்கள். அப்புறம் குறித்த நாளிலேயே, மண்டபத்தை விட்டுவிட்டு, கோயிலில் நூறு பேரோடு கல்யாணம் நடந்தது. தாண்டவத்தைக் காரில் கூட்டிப் போய் நாற்காலியில் உட்கார வைத்துத் திரும்ப வார்டுக்குக் கொண்டுவந்தார்களாம். ஜெகதாம்பாள் என்று என்னோடு மீன் விற்பவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். எனக்கு அழைப்பு இல்லை. அத்தை முறைக்குக் கட்ட வேண்டும் என்று வாங்கிய பட்டுப்புடவை மடிப்புக் கலையாமல் இருக்கிறது. துர்கா மேல் எனக்குக் கோபம் இல்லை. அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் வாசலில் நின்று மண்ணை வாரித் தூற்றியிருப்பேன்.

படகு விஷயம் அவன் பயந்த மாதிரி ஆகவில்லை. ஒருத்தன் மட்டும் தண்ணிக் கேனைப் பற்றி ஏதோ ஆரம்பித்தானாம். படகுக்காரர் சுப்பிரமணி, "கம்னு கெட" என்று ஒரே வார்த்தையில் அடக்கிவிட்டாராம். தாண்டவத்துக்கு அரைப் பங்கு ஒதுக்கித் தினமும் வீட்டுக்குப் போகிறது. முன்பெல்லாம் அவன் பங்கை நான்தான் மார்க்கெட்டுக்கு எடுத்துப்போவேன். இப்போது துர்கா வேறொருத்தியிடம் கொடுக்கிறாள். ஒன்பது வருஷம் எதற்குப் பயந்து செத்தானோ அது இவ்வளவுதான் என்று நினைத்தால் வயிறு எரிகிறது.

கிட்னி திரும்பவில்லை. வாரம் இரண்டு தடவை டயாலிசிஸ். கடலுக்கு இனி அவன் போக மாட்டான். ஒரு நாள் டாக்டர் கவியாவைப் படிக்கட்டில் பார்த்துக் கேட்டேன்.

"டாக்டரம்மா, அந்த அஞ்சு நாள் நான் குடுக்காம இருந்திருந்தா?"

அவள் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். "அதெல்லாம் அப்படிச் சொல்ல முடியாதும்மா. முன்னாடியே ரொம்ப கெட்டுப் போயிருந்தது" என்றாள். நல்ல பெண். பொய்யாக இருந்தாலும் இருக்கும்.

ஆறு மாதம் கழித்து, போன வியாழக்கிழமை, கல்லீரல் ஓ.பி. பெஞ்சில் அவனைப் பார்த்தேன். அவன் பெயர் எழுதிய ஓ.பி. நோட்டை மடியில் வைத்திருந்தான். பாதியாக இளைத்திருந்தான். டயாலிசிஸ் போடுகிற இடது கையில் நரம்பு புடைத்துக் கிடந்தது. துர்கா தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள். ஒரு ஆள் இடம் விட்டு நானும் உட்கார்ந்தேன். அவன் திரும்பவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்த நாளிலிருந்து அவன் என்னோடு பேசவில்லை.

"தாண்டவராயன்!" என்று நர்சம்மா உரக்கக் கூப்பிட்டாள். வராண்டா முழுக்கக் கேட்டது. சுவரைப் பிடித்து எழுந்து போனான். வலது கையை நீட்டினான். ஒன்பது வருஷம் ஓடி ஒளிந்த ஊசி ஒரு நிமிஷத்தில் ஏறி இறங்கிவிட்டது. பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு வந்து, பழையபடி உட்கார்ந்தான். என் மடியில் இருந்த காகிதத்தைப் பார்த்தான்.

"ரிப்போர்ட் எப்டி கீது?"

தரையைப் பார்த்துக்கொண்டுதான் கேட்டான். பொய் சொல்லலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். கெட்டுப்போயிருக்கிறது என்று சொல்ல ஆசையாக இருந்தது.

"நல்லா கீது" என்றேன்.

தலையை ஆட்டிக்கொண்டான். அதற்கு அடுத்து அவன் எப்போதும் சொல்கிற வார்த்தைக்காகக் காத்திருந்தேன். நர்சம்மா வேறு யார் பெயரையோ கூப்பிட்டாள்.